அலாஸ்கா கப்பல் பயணம்: கப்பலுக்கு முன் துறைமுகத்தை முடிவு செய்யுங்கள்

அலாஸ்காவுக்குக் கப்பலில் போகலாம் என்று தேடத் தொடங்கியவுடன் வருவது குழப்பம்தான். ஏழு இரவு, மூன்று ஊர், ஒரு பனியாறு என்று எல்லா விளம்பரமும் ஒரே மாதிரி இருக்கும். எல்லாப் படத்திலும் அதே நீலப் பனி, அதே திமிங்கில வால். விலைதான் கொஞ்சம் கூடக் குறையத் தெரியும். அதனால் பலரும் குறைந்த விலையைப் பார்த்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள்.

உண்மையான வித்தியாசம் விளம்பரத்தின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் ஒரு வரியில் இருக்கிறது: கப்பல் எங்கிருந்து புறப்படுகிறது, எங்கே போய் முடிகிறது. எந்தக் கடல் வழியாகப் போவீர்கள், எந்தப் பனியாற்றைப் பார்ப்பீர்கள், ஊர்களில் எத்தனை மணி நேரம் கிடைக்கும், எந்தெந்த நாட்டு விசா வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒரு வரி தீர்மானித்துவிடுகிறது. கப்பலில் எத்தனை உணவகம், எத்தனை நீச்சல் குளம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். துறைமுகத்தை முதலில் முடிவு செய்தால் மற்றவை தாமாகவே சுருங்கி இரண்டு மூன்று கப்பல்களில் வந்து நிற்கும்.

முதல் படி: வரைபடத்தை விரித்து வையுங்கள்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒரு முறை பார்த்துவிடுங்கள். கீழே சியாட்டில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம். அங்கிருந்து காரில் சுமார் 225 கிலோமீட்டர் வடக்கே வான்கூவர், அது கனடா. அதற்கு மேலே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரை நீண்டு கிடக்கிறது. அதைத் தாண்டினால்தான் அலாஸ்காவின் தென்கிழக்கு வால் பகுதி வரும். கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே, சிட்கா எல்லாம் அந்த வாலில்தான் இருக்கின்றன. இன்னும் மேலே போய் மேற்கே திரும்பினால் அலாஸ்கா வளைகுடா. அதன் மறுகரையில் சூவர்டு, விட்டியர் என்ற இரண்டு சிறு துறைமுகங்கள். அங்கிருந்து தரைவழியாக ஆங்கரேஜ்.

வழக்கமான பயணங்கள் மூன்று வகை. சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குவது ஒன்று. வான்கூவரில் ஏறி வான்கூவருக்கே திரும்புவது இன்னொன்று. மூன்றாவது ஒருவழிப் பயணம்: வான்கூவரில் ஏறி விட்டியரிலோ சூவர்டிலோ இறங்குவது, அல்லது அதன் தலைகீழ். சான் பிரான்சிஸ்கோவிலிருந்தும் கப்பல்கள் உண்டு. ஆனால் அவை பத்து இரவுக்குக் குறையாமல் பிடிக்கும், நடுவே கரையே காணாத நாள்களும் அதிகம். விமானத்தில் ஏறவே மாட்டேன் என்கிற கலிபோர்னியாக்காரர்களுக்குத்தான் அது பொருந்தும்.

விளம்பரத்தில் 'ஆங்கரேஜ்' என்று போட்டிருந்தால் அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கப்பல் நிற்கும் இடம் விட்டியர் அல்லது சூவர்டாக இருக்கும். விட்டியரிலிருந்து ஆங்கரேஜ் சுமார் 100 கிலோமீட்டர், சூவர்டிலிருந்து 200 கிலோமீட்டர். அந்த பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ தனிக் கட்டணம். விட்டியரை விட்டு வெளியேற ஒரே சாலை, நான்கு கிலோமீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் போகிறது. அதில் இருப்பது ஒரே தடம். ரயிலும் காரும் முறை வைத்து, ஒரு நேரம் உள்ளே வருவதும் ஒரு நேரம் வெளியே போவதுமாகக் கடக்கின்றன. இரவில் மூடிவிடுவார்கள். இறங்கும் நாளில் விமானம் பிடிக்க வேண்டியவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: விசாவைப் பாருங்கள், பணம் கட்டுவதற்கு முன்

அழகான காட்சிகளைப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்களின் பயணம் கடைசி நேரத்தில் கவிழ்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சியாட்டில் அமெரிக்கா, அலாஸ்காவும் அமெரிக்கா, ஆகவே அமெரிக்க விசா போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அமெரிக்காவில் 1886-ல் போட்ட பயணிகள் கப்பல் சட்டம் ஒன்று இன்னும் நடப்பில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், இடையே எந்த வெளிநாட்டுத் துறைமுகத்தையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்பது அதன் சாரம். பெரிய பயணக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா, நெதர்லாந்து போன்ற நாடுகளின் கொடியில்தான் ஓடுகின்றன. அதனால் சியாட்டிலில் கிளம்பும் கப்பல் எங்கேயாவது ஒரு கனடா துறைமுகத்தில் நின்றே ஆக வேண்டும். பெரும்பாலும் அது கடைசி மாலையில் சில மணி நேரம் நிற்கும் விக்டோரியா. கொரோனாவில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது, 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றமே தற்காலிக விலக்குச் சட்டம் போட்டுத்தான் அந்த ஆண்டுக் கப்பல்கள் அலாஸ்காவுக்குப் போக முடிந்தது. சட்டத்தின் பிடி அவ்வளவு இறுக்கம்.

எனவே இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, சியாட்டிலில் ஏறினாலும் கனடா விசா தேவை. விக்டோரியாவில் இறங்காமல் கப்பலிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றாலும் நிறுவனங்கள் கேட்கும். விசா இல்லையென்றால் சியாட்டிலிலேயே ஏற்ற மறுத்துவிடுவார்கள், பணமும் திரும்பாது. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குப் பயணம் ஏற்பாடு செய்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். பெற்றோரின் அமெரிக்க விசா பத்து ஆண்டுக்கு இருக்கும், கனடா விசாவைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அவர்கள் ஊரில் இருக்கும்போதே, டிக்கெட் போடும் முன்பே கனடா விசாவுக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. அமெரிக்காவுக்கு வந்த பிறகும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கைரேகை கொடுக்க ஒரு நாள், ஒப்புதல் வர வாரங்கள், பிறகு முத்திரைக்காகக் கடவுச்சீட்டை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது என்று அது இழுக்கும்.

மற்றவர்களுக்கு நிலைமை வேறு. அமெரிக்க கிரீன் கார்டு இருந்தால் கனடாவுக்கு விசா வேண்டாம். கார்டும் செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் போதும். எச்1பி (வேலை), எஃப்1 (படிப்பு) போன்ற விசாவில் இருக்கும் இந்தியர்களுக்குக் கனடா விசா வேண்டும். கனடா குடியுரிமை பெற்ற டொராண்டோ, மொன்ட்ரியால் தமிழர்களுக்கு அமெரிக்க விசா தேவையில்லை. ஆனால் நிரந்தரக் குடியிருப்பு மட்டும் வைத்துக்கொண்டு இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டில் இருப்பவர்களுக்குத் தேவை. ஒரே வீட்டில் அண்ணன் குடியுரிமையாளர், அம்மா நிரந்தரக் குடியிருப்பாளர் என்று இருக்கும். ஆகவே குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். விசா ஒரு முறைக்கு மேல் நுழைய அனுமதிப்பதாகவும் இருக்கட்டும், ஏனெனில் இந்தப் பயணத்தில் எல்லையை இரண்டு முறையாவது கடப்பீர்கள்.

எச்1பி முத்திரை காலாவதியாகி, வேலை அனுமதி மட்டும் நடப்பில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கனடாவுக்கு 30 நாளுக்குள் போய்த் திரும்ப அமெரிக்கா ஒரு சலுகை விதி வைத்திருக்கிறது. ஆனால் கப்பல் முகப்பில் நிற்கும் ஊழியர் அதை அறிந்திருப்பார் என்று நம்பிப் போக வேண்டாம். நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்து மூலம் பதில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வான்கூவரில் ஏறுகிறவர்களுக்கு இரண்டு விசாவும் வேண்டும் என்பது வெளிப்படையாகவே தெரியும், அதனால் அங்கே இந்தத் தடுமாற்றம் குறைவு. அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை வான்கூவர் துறைமுகத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஒரே நாளில் இரண்டு மூன்று கப்பல் நின்றால் அந்த வரிசை மிக நீளும். வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவி வேண்டுமென்றால் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

அதே 1886 சட்டத்தால் இன்னொன்றும் புரியும்: சியாட்டிலிலிருந்து விட்டியருக்கு ஒருவழிக் கப்பல் ஏன் இல்லை என்று பலர் கேட்கிறார்கள். ஏறிய துறைமுகத்துக்கே திரும்பும் கப்பலுக்குத்தான் நடுவே ஒரு கனடா நிறுத்தம் போதும். வேறொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட அது போதாது என்பதால்தான் ஒருவழிப் பயணங்கள் வான்கூவரில் தொடங்குகின்றன. சியாட்டிலில் ஏறி ஜூனோவில் நடுவே இறங்கிக்கொள்வதும் முடியாது. அபராதம் உங்கள் தலையில் விழும்.

மூன்றாம் படி: எந்தக் கடல் வழி என்று கேளுங்கள்

வான்கூவரிலிருந்து வடக்கே போக, வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே காட்டு மலைகள் இருபுறமும் நெருங்கும் ஒரு நீர்வழி இருக்கிறது. 'இன்சைடு பாசேஜ்' என்று புகழ்பெற்ற வழியின் தென்பகுதி இதுதான். வான்கூவர் கப்பல்கள் இதில்தான் போகின்றன. தீவு மறைப்பதால் பசிபிக்கின் அலை உள்ளே வருவதில்லை. தீவின் முனையைத் தாண்டிய பிறகு குயின் சார்லட் சவுண்டில் சில மணி நேரம் திறந்த கடல் வரும். அதன் பின் மறுபடி தீவுகளின் நிழல்.

சியாட்டில் கப்பல்களில் பெரும்பாலானவை அந்த வழியில் போவதில்லை. ஹுவான் டி ஃபூகா நீரிணை வழியாக வெளியே வந்து, வான்கூவர் தீவின் மேற்கே திறந்த பசிபிக்கில் வடக்கு நோக்கி ஓடுகின்றன. இரண்டாம் நாள் முழுக்கக் கடல். கோடையில் பெரும்பாலும் தாங்கக்கூடிய ஆட்டம்தான், ஆனால் மே, செப்டம்பரில் காற்று பிடித்தால் சாப்பாட்டு மேசைகள் காலியாகும். விளம்பரத்தில் 'இன்சைடு பாசேஜ்' என்று இரண்டுக்கும் எழுதியிருப்பார்கள். அலாஸ்கா எல்லைக்குள் போன பிறகு இரண்டுமே அதில்தான் போகின்றன என்பதால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் மலைகளுக்கு நடுவே கழியும் நேரத்தில் வான்கூவர் கப்பலுக்குத்தான் வாசி அதிகம்.

அந்த உள்வழியில் சீமோர் நேரோஸ் என்று ஒரு குறுகல் இருக்கிறது. கடல் நீர் ஏறி இறங்கும் நேரத்தில் நீரோட்டம் அங்கே மணிக்கு 15 கடல் மைல் வரை பாயும். அதன் நடுவில் ரிப்பிள் ராக் என்ற பாறை நீருக்கடியில் ஒளிந்திருந்து பல கப்பல்களை உடைத்தது. 1958 ஏப்ரல் 5 அன்று, கடலடியில் சுரங்கம் தோண்டி 1,300 டன்னுக்கும் மேலான வெடிமருந்தை நிரப்பி அதன் தலையைப் பெயர்த்தார்கள். இன்றும் பெரிய கப்பல்கள் ஓட்டம் அடங்கும் நேரம் பார்த்துத்தான் அந்தக் குறுகலைக் கடக்கின்றன. வான்கூவரில் ஒரு நாள் நாலு மணிக்கும் இன்னொரு நாள் ஐந்தரைக்கும் கப்பல் கிளம்புவதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. போகும்போது பெரும்பாலும் இருட்டிய பிறகு கடப்பீர்கள். விழித்திருந்து மேல்தளத்தில் நின்றால், எஞ்சின் ஓசை தணிய, இருபக்கக் கரையின் கரிய மரவரிசை கைக்கெட்டும் தூரத்துக்கு வருவதுபோல் நெருங்குவதையும், கீழே நீர் சுழன்று வழுக்கிப் போவதையும் பார்க்கலாம். திரும்பும் வழியில் அதை ஒட்டிய ஜான்ஸ்டன் நீரிணை பகலில் கிடைத்தால் அறைக்குள் இருக்காதீர்கள். ஓர்கா திமிங்கிலங்கள் கோடையில் நடமாடும் இடம் அது.

கப்பலின் அளவிலும் துறைமுகம் கை வைக்கிறது. வான்கூவர் துறைமுகத்துக்குள் நுழைய லயன்ஸ் கேட் பாலத்தின் அடியில் போக வேண்டும். நீர்மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 61 மீட்டர். அதனால் மிக உயரமான புதிய கப்பல்கள் சியாட்டில் பக்கம் சாய்கின்றன. குழந்தைகளுக்குச் சறுக்கு, சிறு கார்ப் பந்தயத் தளம், பெரிய அரங்கம் எல்லாம் வேண்டுமென்றால் சியாட்டிலில் தேர்வு அதிகம். நடுத்தரக் கப்பல், அமைதியான தளங்கள் வேண்டுமென்றால் வான்கூவர்.

ஒருவழிப் பயணத்தில் ஒரு இரவும் பகலின் ஒரு பகுதியும் அலாஸ்கா வளைகுடாவைக் கடக்க வேண்டியிருக்கும். அது திறந்த கடல். கடல் ஒவ்வாமை உள்ளவர்கள் எந்தக் கப்பலாக இருந்தாலும் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். மருந்தை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: எந்தப் பனியாறு

இந்தப் பயணத்தின் உயிர் இதுதான். மற்ற எதையும் விட்டுக்கொடுக்கலாம், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன்.

கிளேசியர் பே தேசியப் பூங்கா முதலிடம். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் உள்ளே விடுவதில்லை. பூங்காக் காவலர்கள் படகில் வந்து கப்பலில் ஏறி, நாள் முழுவதும் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். அனுமதிகளில் பெரும்பங்கு பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா நிறுவனங்களிடம் இருக்கிறது. 1794-ல் வான்கூவர் என்ற கடற்படைத் தளபதியின் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது இங்கே விரிகுடாவே இல்லை, வாயை அடைத்துப் பனிதான் நின்றது. இன்று அதே இடத்துக்குள் கப்பல் நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போகிறது. மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் சுமார் ஒரு மணி நேரம் நின்று மெல்லத் திரும்பும். இருபக்கத்து அறைக்காரர்களுக்கும் காட்சி கிடைக்கும். நீருக்கு மேல் சுமார் 75 மீட்டர் உயரப் பனிச்சுவர் அது. ஒரு துண்டு உடைந்து விழும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது சரியும் வெண்புழுதி. இடியோசை அதற்குப் பிறகுதான் வந்து சேரும். ஓசையைக் கேட்டுத் திரும்பினால் பாதி முடிந்திருக்கும், ஆகவே சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் நில்லுங்கள்.

ஹப்பர்டு பனியாறு இன்னொரு ரகம். முகப்பு மட்டுமே சுமார் பத்துக் கிலோமீட்டர் அகலம். உலகில் பெரும்பாலான பனியாறுகள் பின்வாங்கிக்கொண்டிருக்க, இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. வளைகுடாவின் ஓரத்தில் இருப்பதால் ஒருவழிப் பயணங்களில்தான் அதிகம் கிடைக்கும். மிதக்கும் பனிக்கட்டி அதிகமானால் கப்பல் தொலைவிலேயே திரும்பிவிடும். விட்டியர் கப்பல்களில் சில காலேஜ் ஃபியார்டுக்கும் போகின்றன (ஃபியார்டு என்பது செங்குத்து மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு நுழையும் குறுகிய நீர்வாய்). 1899-ல் வந்த ஆய்வுக் குழு அங்கே ஹார்வர்டு, யேல் என்று கல்லூரிப் பெயர்களையே பனியாறுகளுக்கு வைத்தது.

சியாட்டில் கப்பல்களில் பலவற்றுக்குக் கிடைப்பது எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய ஃபியார்டும் அதன் முனையில் உள்ள டாஸ் பனியாறும். முன்பு டிரேசி ஆர்மும் அட்டவணைகளில் இருந்தது. 2025 ஆகஸ்டில் அங்கே பெரும் மலைச்சரிவு ஏற்பட்டு ராட்சத அலை எழுந்தது. அதன் பின் நிறுவனங்கள் எண்டிகாட் பக்கம் திரும்பின. செங்குத்துப் பாறைகள், அருவிகள், பனிக்கட்டி மேல் படுத்திருக்கும் சீல்கள் என்று இதன் அழகும் தனி. ஆனால் பெரிய கப்பல் டாஸ் வரை நெருங்க முடியாமல் திரும்புவது நடக்கும். கப்பலிலிருந்து சிறு படகில் கூட்டிப்போகும் பயணத்துக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். எண்டிகாட் கிடைக்கும் கப்பலில் போவதானால் அந்தச் சிறு படகுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

சியாட்டிலிலிருந்து கிளேசியர் பே போகும் கப்பல்களும் உண்டு, தேடினால் கிடைக்கும். விளம்பரத்தில் 'பனியாறு காணல்' என்று பொதுவாக எழுதியிருந்தால் எந்தப் பனியாறு என்று கேட்டு, பெயரை அறிந்துகொள்ளாமல் பணம் கட்டாதீர்கள்.

ஐந்தாம் படி: ஊர்ப்பெயரைப் பார்க்காமல் மணியைப் பாருங்கள்

சியாட்டில், வான்கூவர் இரண்டு பயணத்திலும் கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்று எழுதியிருக்கும். பக்கத்தில் இருக்கும் நேரத்தை எழுதி வைத்து ஒப்பிடுங்கள். சியாட்டில் கப்பல் கடைசி மாலைக்குள் விக்டோரியாவை எட்ட வேண்டும் என்பதால், கெச்சிகனில் காலை ஏழு மணிக்கு வந்து மதியம் ஒரு மணிக்கே கிளம்பிவிடும் அட்டவணைகள் சாதாரணம். கரடி பார்க்கவோ மிதவை விமானத்தில் பறக்கவோ அந்த ஆறு மணி நேரம் நெருக்கடி. ஜூனோவில் சில கப்பல்கள் மதியத்துக்கு மேல்தான் வரும். ஜூன் மாதத்தில் அங்கே பகல் 18 மணி நேரம் நீளும் என்பதால் அதில் பெரிய இழப்பு இல்லை. மெண்டன்ஹால் பனியாறு ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர்தான்.

கெச்சிகனில் சில நிறுவனங்களின் கப்பல்கள் ஊருக்குள் நிற்காமல் வடக்கே உள்ள வார்டு கோவ் என்ற இடத்தில் நிற்கும். அங்கிருந்து பஸ் பிடித்து ஊருக்கு வர வேண்டும். ஆறு மணி நேரத்தில் போக வர ஆகும் நேரத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். ஸ்காக்வேயில் 1898-ல் தங்கவேட்டைக் காலத்தில் தொடங்கிய வைட் பாஸ் மலை ரயிலில் போக ஆசைப்படுகிறவர்கள், ரயில் எல்லையைத் தாண்டிக் கனடாவுக்குள் போகும் வகையா, சிகரத்தோடு திரும்பும் வகையா என்று பார்த்து டிக்கெட் வாங்க வேண்டும்.

அலாஸ்கா நேரம் சியாட்டில், வான்கூவர் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் இறங்கும்போது கைபேசி ஒரு நேரமும் கப்பல் இன்னொரு நேரமும் காட்டலாம். கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறதோ அதையே நம்புங்கள்.

ஆறாம் படி: செலவு

விளம்பர விலையில் சியாட்டில் பெரும்பாலும் ஜெயிக்கும். அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்கு விமான டிக்கெட்டும் மலிவு. வான்கூவருக்குப் பன்னாட்டு விமானம் விலை அதிகம் என்றால் சியாட்டிலில் இறங்கி ரயிலிலோ பஸ்ஸிலோ வான்கூவர் போகலாம், நாலு மணி நேரம் சுமாராக. ஆனால் கப்பல் ஏறும் நாளில் அதைச் செய்யாதீர்கள். எல்லையில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. முதல் நாளே போய்த் தங்கிவிடுவதுதான் முறை. ஒருவழிப் பயணத்துக்குப் போக ஓர் ஊர், வர ஓர் ஊர் என்று விமானம் போட வேண்டும். அதோடு ஆங்கரேஜ் வரை போக்குவரத்து. எல்லாவற்றுக்கும் மேல் கப்பல் ஊழியர்களுக்கான அன்பளிப்புத் தொகை ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை ஆகும். நால்வர் குடும்பத்துக்கு ஒரு வாரத்தில் அதுவே ஏறக்குறைய 450 முதல் 560 டாலர் வரை.

கனடா விசா கிடைக்காவிட்டால்

பயணத்தையே விட்டுவிட வேண்டியதில்லை. சியாட்டிலுக்கு வடக்கே 145 கிலோமீட்டரில் உள்ள பெல்லிங்ஹாமிலிருந்து அலாஸ்கா மாநில அரசின் கப்பல் கிளம்புகிறது. அமெரிக்கக் கொடியில் ஓடுவதால் கனடாவில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. வான்கூவர் கப்பல்கள் போகும் அதே உள்வழியில் போய் ஏறக்குறைய 38 மணி நேரத்தில் கெச்சிகனை அடையும். பொழுதுபோக்கு அரங்கம், விருந்து எதுவும் கிடையாது. எளிய அறை, உணவகம், காரை ஏற்றும் தளம். இளைஞர்கள் மேல்தளத்தில் கூடாரம் அடித்துத் தூங்குவார்கள். ஜூனோ வரை போய் விமானத்தில் திரும்பலாம். மலையையும் கடலையும் பார்க்கவே போகிறேன் என்கிறவர்களுக்கு இதைப் போல ஒன்று கிடைக்காது.

இன்னொரு வழி, ஆங்கரேஜுக்கு விமானத்தில் போய் அங்கிருந்து ஒருநாள் படகுகளைப் பிடிப்பது. இதிலும் துறைமுகத் தேர்வு வருகிறது. விட்டியரில் கிளம்பும் படகுகள் பிரின்ஸ் வில்லியம் சவுண்டுக்குள் போகின்றன. மலைகள் சூழ்ந்த அமைதியான நீர், அருகருகே பனியாறுகள். குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிப்போக அது ஏற்றது. சூவர்டில் கிளம்புபவை கெனாய் ஃபியார்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போகின்றன. நடுவில் திறந்த கடலில் முனையைச் சுற்றிப் போக வேண்டும், ஆட்டம் இருக்கும். ஆனால் திமிங்கிலம், கடல் சிங்கம், பஃபின் பறவைகள் எல்லாம் இங்கேதான் அதிகம் கண்ணில் படும். வயிறு தாங்கும் என்றால் சூவர்டு.

யாருக்கு எது என்று கேட்டால்

குழந்தைகளோடு, அமெரிக்காவுக்குள்ளிருந்து, விடுமுறை ஒரு வாரத்துக்கு மேல் இல்லை என்றால் சியாட்டில் வசதி. கிளேசியர் பே உள்ள தேதியைத் தேடிப் பிடியுங்கள். பெற்றோரோடு, நிதானமாக, கடல் ஆட்டம் குறைவாக வேண்டும் என்றால் வான்கூவர் போய்வரும் பயணம். இரண்டு நாட்டு விசாவும் கையில் இருக்கும் பட்சத்தில் நான் வான்கூவரைத்தான் சொல்வேன். பத்துப் பன்னிரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு ஒருவழிப் பயணத்துக்கு இணையில்லை. ஒரே வாரத்தில் இரண்டு பெரிய பனியாறுகள் கிடைக்கக்கூடும். இறங்கிய பிறகு ரயிலில் அலாஸ்காவின் தெனாலி தேசியப் பூங்கா வரை போகலாம். வடக்கு நோக்கிப் போகும்போது கப்பலின் வலப்பக்க அறை கரையைப் பார்த்து இருக்கும், தெற்கு நோக்கி வந்தால் இடப்பக்கம். போய்வரும் பயணத்தில் பக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மாதத்தில், மே மாதமும் ஜூன் முற்பகுதியும் இந்தக் கரையில் ஒப்பீட்டளவில் மழை குறைந்த காலம், விலையும் இறங்கியிருக்கும். மலைப்பாதைகளில் பனி மிச்சமிருக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் சால்மன் மீன் ஆறேறும், கரடிகள் கரைக்கு வரும், கூட்டமும் விலையும் உச்சம். செப்டம்பர் நனைய ஆயத்தமானவர்களுக்கு. கெச்சிகனில் ஆண்டுக்கு மூன்றரை மீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது, ஆகவே எந்த மாதமானாலும் நல்ல மழைக்கோட்டு வேண்டும். குடை அந்தக் காற்றில் நிற்காது.

சைவ உணவுக்காரர்கள் முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவித்துவிட்டு, ஏறிய முதல் இரவே உணவுக்கூடத் தலைமைப் பணியாளரைப் பார்த்துப் பேசுங்கள். பல கப்பல்களில் இந்தியச் சமையல்காரர்கள் இருக்கிறார்கள். முந்தைய நாள் இரவே சொல்லிவைத்தால் மறுநாளுக்குப் பருப்பும் கறியும் செய்து தருவார்கள். முட்டை, மீன் சாறு சேர்ப்பதும் சைவம் என்று சிலர் நினைப்பதால் எது கூடாது என்பதைப் பெயர் சொல்லியே சொல்லுங்கள்.

ஏறும் இடத்தையும் சரிபாருங்கள். சியாட்டிலில் பயணக் கப்பல்களுக்கு இரண்டு துறைகள் இருக்கின்றன. பியர் 66 நகரின் நடுவில், பியர் 91 வடக்கே தள்ளி. எது என்று டிக்கெட்டில் இருக்கும். வான்கூவரில் கனடா பிளேஸ் ஒன்றுதான். விமான நிலையத்திலிருந்து கனடா லைன் ரயிலில் வாட்டர்ஃபிரண்ட் நிலையம் வந்து இறங்கினால் நடந்து போகும் தூரம். திரும்பும் நாளில் சியாட்டிலிலும் வான்கூவரிலும் மதியத்துக்குப் பிந்தைய விமானமாகப் போடுங்கள். விட்டியரிலோ சூவர்டிலோ இறங்குகிறவர்கள் மாலை விமானமாகவோ, முடிந்தால் மறுநாள் விமானமாகவோ போட்டுக்கொள்ளுங்கள்.